பெற்றோர் வாசல்

ஞானமேரு உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. என் பையன் குமரன் அங்கே பதினொன்றாவது படிக்கிறான். அவன் வெளியே வர இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த வளாகம் கண்கொண்டு பார்க்க முடியாதபடி இருக்கும். இது தாளாளர் ஐயாவே மேடையில் சொன்னது. திருச்செங்கோடு, ராசிபுரம், தம்மம்பட்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் பெற்றவர்கள் தூக்குப்போசியோடு வந்து இறங்குவார்கள். வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, கோழிக்குழம்பும் சோறுமாகப் பிசைந்து கொடுப்பார்கள். மீசை முளைத்த பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்குவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தலைக்கு நாலரை மணி நேரப் படிப்பு கெடுகிறது என்று பள்ளி ஆராய்ந்து கண்டுபிடித்தது. பெற்றவர்கள் கிளம்பிய பிறகு வரும் அழுகையால் கெடும் நேரம் இதில் சேராது.

அதனால் இந்த ஜூன் மாதம் 'பெற்றோர் வாசல்' திறக்கப்பட்டது. அது ஓர் இணையப் பக்கம். பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவில் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் செல்போனுக்கு ஒரு சீட்டு வரும். சீட்டைக் கேட்டில் காட்டினால் பதினைந்து நிமிடம் பிள்ளையைப் பார்க்கலாம். "இனி ஒரு பெற்றோர்கூட நம் வாசலில் வெயிலில் நிற்கமாட்டார்" என்று திறப்பு விழாவில் தாளாளர் ஐயா பேசினார். அது அப்படியே பலித்தது. அதற்கப்புறம் அங்கே வெயிலில் நிற்க ஆளே வரவில்லை.

இனி ராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ரிக் வண்டி ஓட்டுகிறவன், போர் போடும் வண்டி. ராசு அதே வண்டிக்கு மெக்கானிக். பொங்கல் முடிந்தால் சத்தீஸ்கர் பக்கம் போய்விடுவோம். அங்கே மழை பிடித்துக்கொண்டால் ஆனி கடைசியில் ஊர் திரும்புவோம். ஆயுத பூஜை முடிந்து மறுபடியும் கிளம்புவோம். பெண்டாட்டி பிள்ளைகளோடு நாங்கள் இருப்பதெல்லாம் இந்த மூன்று மாதமும், பொங்கலுக்குப் பத்து நாளும்தான். ராசு எட்டாவதோடு நின்றவன். ஆனால் காட்டுக்கு நடுவில் கம்ப்ரசர் நின்றுபோனால் அவன் முகத்தைத்தான் எல்லாரும் பார்ப்போம். எந்த மிஷினும் சும்மா நிற்காது, நின்றதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் ஓடும் என்பது அவன் நம்பிக்கை. பள்ளிக்கூடங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைத்தது அவன் தப்பு.

அவன் மகள் தமிழினி அதே பள்ளியில் பன்னிரண்டாவது. வாரம் ஒருமுறை விடுதி வார்டன் தன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு, மூன்று நிமிடம் பேசவிடுவார். நாங்கள் ஊர் வந்து சேர்ந்த வாரம் அப்படி ஒரு போன் வந்தது.

"அப்பா வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் சாமி. நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேனுங்ப்பா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு கண்ணு."

"போன்ல வேண்டாங்ப்பா. நேர்ல வாங்க, சொல்றேன்."

அவ்வளவுதான். அதற்குள் மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று வார்டன் சொன்னார். ராசு அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா, யாராவது அடித்தார்களா, படிப்பே வேண்டாம் என்கிறாளா, அல்லது வெறுமனே முறுக்கு கேட்கப்போகிறாளா, ஒன்றும் பிடிபடவில்லை. "ஞாயித்துக்கெழம பாக்கத்தானுங்க போறோம், விடுங்க" என்றாள் அவன் மனைவி அன்புச்செல்வி.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அன்புச்செல்வி தன் செல்போனில் பெற்றோர் வாசலைத் திறந்தாள். ஞானமேருவில் ஏதாவது ஒன்றில் முதலாவதாக வந்த பிள்ளைகளின் படங்கள்தான் முதல் பக்கம். இருபது வருஷத்துப் படங்கள், மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், கடைசிப் படத்துக்குக் கீழே, பதிவு செய்யும் பட்டன் இருப்பதாகச் சொன்னார்கள். "பெற்றோர் நம் சாதனைகளைத் தாண்டித்தான் சந்திப்புக்கு வரவேண்டும்" என்பது தாளாளர் ஐயாவின் கொள்கை.

"ஏனுங்க, ஒரு பையன் தலை வந்துச்சு. அப்பறம் இன்னொரு புள்ள தலை பாதி வந்துச்சு. அப்பறம் பிரவுசரே மூடிக்கிச்சுங்க."

"மறுக்கா தொற."

மறுபடி ஒரு பையன் தலை, பாதிப் பெண் தலை, மூடிக்கொண்டது. ராசு வாங்கி அழுத்தினான். அவனுக்கும் ஒன்றரைத் தலைதான். செல்போனை அணைத்துப் போட்டார்கள். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டார்கள். டவர் நன்றாகக் கிடைக்கும் என்று மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றார்கள். பதினொரு மணி வரைக்கும் நாற்பத்தொரு தடவை திறந்து, நாற்பத்தொரு தடவையும் அது தானாக மூடிக்கொண்டது. சரியாகப் பதினொன்றுக்கு ஒரு செய்தி வந்தது: 'பதிவு நேரம் நிறைவடைந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'

ஞாயிற்றுக்கிழமை எதற்கும் இருக்கட்டும் என்று இருவரும் தூக்குப்போசியோடு போய்க் கேட்டில் நின்றார்கள். வாட்ச்மேன் ஆண்டி நல்ல மனுஷன். நிழலில் நிற்கச் சொன்னான்.

"சீட்டு இல்லாம உட்டா என் வேலை போயிருமுங்ணா."

"அவ உள்ளதானே இருக்கறா. ஒரு எட்டு கூப்புடுங்க. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயர்றோம்."

"தூரத்துல நின்னு பாக்கறதுக்கும் சீட்டு வேணுமாமுங்ணா. போன வாரம்தான் சர்க்குலர் வந்துச்சு."

பிள்ளையையே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். பன்னிரண்டாவது நடுவில் எடுத்தால் வேறெந்தப் பள்ளியிலும் சேர்க்கமாட்டார்கள். இது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது பள்ளிக்கும் தெரியும்.

மறுநாள் ராசு பள்ளியின் எண்ம, அதாவது டிஜிட்டல், பெற்றோர் நல மையத்துக்குப் போனான். ஏசி அறை. அங்கே மோகன்குமார் என்று ஓர் அதிகாரி இருந்தார். கழுத்தில் இரண்டு அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தார்.

"சார், பிரவுசர் பொசுக்பொசுக்குன்னு மூடிக்குதுங்க" என்றான் ராசு.

"முதல்ல ஒரு விஷயம் தெளிவுபடுத்திடறேன் சார். பிரவுசர் மூடிக்குதுன்னு சொல்லாதீங்க. எங்க பதிவேட்டுல அப்படி ஒரு தலைப்பே கிடையாது. 'பெற்றோர் தரப்பு ஒத்துழையாமை'ன்னுதான் பதிவு பண்றோம். இந்த மாசம் மட்டும் ஆயிரத்து நூறு ஒத்துழையாமை. எங்க தரப்புல ஒண்ணுகூட இல்லை."

"பக்கத்துல ஏதாச்சும் கோளாறு இருக்கும்களே?"

"நீங்களே பாருங்க" என்று மோகன்குமார் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். பெற்றோர் வாசல் படபடவென்று திறந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு தலைகளும் வந்தன. அடியில் பச்சை நிறத்தில் பட்டன் இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் ஆளுயரப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. பக்கம் முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, வயர் நேராக வருகிறது என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

ராசுவுக்கு உயிர் வந்தது. "அப்ப இதுலயே அடுத்த மாசத்துக்கு அமுக்கி உட்ருங்க சார்."

மோகன்குமார் சிரித்தார். "வளாகத்துக்கு உள்ள இருந்து பதிவு பண்ண முடியாது சார். பதிவுங்கறதே உள்ள வர்றதுக்கான அனுமதி. நீங்கதான் ஏற்கனவே உள்ள வந்துட்டீங்களே."

ராசு அந்தப் பச்சைப் பட்டனை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுந்தான்.

கிளம்பும்போது பதினான்கு அம்சச் சுற்றறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். உலாவியை மூடித் திறக்கவும், கைப்பேசியை அணைத்து எழுப்பவும் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. நாலாவது அம்சம், உலாவியில் தேங்கியுள்ள பழைய நினைவுகளை முற்றிலுமாக அழிக்கவும் என்றது. ஒன்பதாவது, கைப்பேசியில் இடம் உண்டாக்கத் தேவையற்ற படங்களை நீக்கவும் என்றது. பதினான்காவது அம்சம், இந்தச் சுற்றறிக்கையின் முழு வடிவத்தைப் பெற்றோர் வாசலின் முதல் பக்கத்தில் காணவும் என்பது.

ஆகஸ்ட் வியாழக்கிழமைக்கு முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து பதிமூன்று அம்சங்களையும் ஒழுங்காகச் செய்தார்கள். ஒன்பதாவதில்தான் நேரமாயிற்று. அன்புச்செல்வியின் போன் பழசு. கோயில் படம், சீமந்தப் படம், செத்துப்போன எருமையின் படம் எல்லாவற்றையும் நீக்கியும் இடம் போதவில்லை என்றே அது சொன்னது. மிச்சம் இருந்ததெல்லாம் தமிழினி படங்கள். குழந்தையிலிருந்து போன பொங்கல் வரைக்கும் எடுத்தவை.

"இதையுமுங்களா?"

"நேர்லயே பாக்கப்போறோம். படம் எதுக்கு?" என்றான் ராசு.

அன்புச்செல்வி ஒவ்வொன்றாக நீக்கினாள். மொத்தமாக நீக்கும் வழி தெரிந்திருந்தும் ஒவ்வொன்றாகத்தான் நீக்கினாள்.

மறுநாள் மூன்று தலைகள் வந்தன. நாலாவதில் மூடிக்கொண்டது.

பத்தே கால் ஆகியிருந்தது. ராசு வண்டியை எடுத்துக்கொண்டு கடைவீதியில் கிருத்திகாவின் இ-சேவைக் கடைக்கு ஓடினான். நானும் அங்கேதான் இருந்தேன், குமரனுக்காக. கிருத்திகா பி.எஸ்ஸி. முடித்த பெண். கை வேகம் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஒரு பிரவுசரில் திறந்தாள், மூடிக்கொண்டது. வேறொன்றில் திறந்தாள், அதுவும் மூடிக்கொண்டது. புதிதாக ஒன்றை இறக்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரே கறுத்துப்போய் நின்றுவிட்டது.

"அண்ணா, மத்ததெல்லாம் சல்லுனு ஓடுதுங்க. சிட்டா எடுக்கறேன், கரண்ட் பில்லு கட்டறேன். இது ஒண்ணுதான் இப்புடி."

"அப்ப கோளாறு பிரவுசர்ல இல்ல கண்ணு. அது எதைத் தூக்கறதுக்குப் பாக்குதுன்னு பாரு" என்றான் ராசு. கம்ப்ரசர் முன்னால் நிற்கும்போது வரும் குரல் அது.

கிருத்திகா மறுபடி திறந்து, அது மூடிக்கொள்வதற்குள் ஒரே ஒரு படத்தை மட்டும் பிடித்துத் தனியாக இழுத்துவந்தாள். அதன் அளவைப் பார்த்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ அண்ணா! இது பிளக்ஸ் கடைக்கு அனுப்பற பைலுங்க. இருபதுக்குப் பத்து அடி. பேனர் அடிக்கக் குடுத்ததை அப்புடியே தூக்கி முதல் பக்கத்துல வெச்சிருக்காங்க. அறுநூத்துச் சொச்சமும் அப்புடித்தான் இருக்கும்."

ராசு குனிந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தான். "நாலரை இஞ்சுக் குழியில ஏழு இஞ்சுப் பைப்பை இறக்கிப்போட்டு, குழி சரியில்லைங்கறானுங்க" என்றான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. காரணம் அகப்பட்டுவிட்டது. "இதைச் சின்னது பண்ண எவ்வளவு நேரமாகும் கண்ணு?"

"எல்லாத்துக்கும் சேத்து ஒரு டீ குடிக்கற நேரமுங்க."

அன்றே போய் மோகன்குமாரிடம் சொன்னான். மோகன்குமார் ஆர்வமாகக் கேட்டு, எழுதியும் வைத்துக்கொண்டார். இந்த மாதிரிக் கருத்துகள் பெற்றோரிடையே பரவியிருப்பதால்தான் ஒரு பயிற்சி தேவைப்படுகிறது என்று நிர்வாகம் முடிவெடுத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் எங்கள் எல்லாருக்கும் ஒரு கையேடு வந்தது. இருபத்து நான்கு பக்கம். மாதக் கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் உலாவித் திறன் தேர்வு, கட்டாயம் வரவேண்டும்.

எந்தப் பள்ளியும் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யும். ஞானமேருவுக்குத் தெரிந்தது தேர்வு. காலை எட்டு மணிக்கு எங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, செல்போன்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக பெஞ்சுக்கு ஒருவராக உட்காரவைத்தார்கள். கம்ப்யூட்டர் என்று ஒன்று அந்த மண்டபத்திலேயே இல்லை. தேர்வு பேப்பரில்தான். முதல் கேள்வி, உலாவியின் படம் வரைந்து பாகங்களைக் குறி. ஒரு பெரியவர் எழுந்து நின்று, ஸ்கேல் மறந்துவிட்டேன் என்றார். அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கடைசிக் கேள்வி பத்து மதிப்பெண். உலாவி வீழ்வதற்கான ஐந்து காரணங்களை விளக்குக. கையேட்டில் தெளிவாகவே இருந்தது. பெற்றோரின் அவசரம், பெற்றோரின் கவனக்குறைவு, ஈரக் கை, மலிவான கைப்பேசி, பிள்ளைமீது அளவுகடந்த பற்று. நான் மனப்பாடம் செய்துகொண்டு போய் அப்படியே எழுதினேன். ராசு ஒரே ஒரு காரணம்தான் எழுதினான். படம் பெருசு, சின்னது பண்ணினால் சரியாகிவிடும், ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும் என்று எழுதி, கீழே போன் நம்பரும் போட்டிருந்தான்.

எனக்கு முப்பத்தைந்து. தேறிவிட்டேன். பெற்றோர் வாசலைத் திறக்க முயற்சி செய்யும் தகுதி உடையவர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ராசுவுக்கு முப்பத்தொன்று. மெல்லக் கற்கும் பெற்றோர் பிரிவில் போட்டார்கள். குமாரபாளையத்திலிருந்து வந்த சின்னாயி என்ற அம்மாள் தொண்ணூற்றெட்டு வாங்கி முதலாவதாக வந்தாள். விசைத்தறி ஓட்டுகிறவள். கையேட்டை முன்னால் தொங்கவிட்டுத் தறிச் சத்தத்திலேயே நெட்டுருப் போட்டிருக்கிறாள். அவள் முகத்தை இருபதுக்குப் பத்தில் பிளக்ஸ் அடித்தார்கள். அதே பைலைப் பெற்றோர் வாசலின் முதல் பக்கத்திலும் ஏற்றினார்கள், அறுநூற்றுப் பதிமூன்றாவதாக. அதற்கப்புறம் சின்னாயிக்கே பக்கம் திறக்கவில்லை என்று கேள்வி.

ராசுவின் விடைத்தாள் தாளாளர் ஐயா வரைக்கும் போயிற்று. கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். சுவர் முழுக்கக் கேடயங்கள். தாளாளர் ஐயா விடைத்தாளை விரல் நுனியால் பிடித்திருந்தார்.

"படத்தைச் சின்னது பண்ணணும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க ஐயா. பாக்கறதுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாதுங்க."

"ஒரு குழந்தையைச் சின்னது பண்ணச் சொல்றீங்க. இருபது வருஷமா இந்தப் பள்ளி ஒரு குழந்தை முகத்தைச் சின்னது பண்ணினதில்லை. எதிர்த்த பள்ளிக்காரன் பதினெட்டு அடி வெக்கறான். நான் இருபது அடி வெக்கறேன். நாளைக்கு அவனோட பக்கம் கனமா, என் பக்கம் கனமான்னு ஒரு கேள்வி வந்தா? கனமான பள்ளின்னுதானே சார் நீங்க உங்க புள்ளையைக் கொண்டுவந்து சேத்தீங்க?"

"ஐயா, பக்கம் தொறக்கவே மாட்டீங்குதுங்க. எம்பட புள்ளயைப் பாத்து எட்டு மாசமாச்சு. என்னமோ சொல்லோணுங்கறா. ஆயுத பூஜை முடிஞ்சா வண்டி கெளம்பிரும்." ராசுவின் குரல் உடைந்துவிட்டது. அவன் குரல் உடைந்து நான் கேட்டதில்லை, நானூறு அடியில் துளைபோடும் பிட் சிக்கிக்கொண்டபோதுகூட.

தாளாளர் ஐயா கல் நெஞ்சுக்காரர் இல்லை. எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. பெத்தவங்க இங்க எதுக்கு வர்றீங்க? புள்ளையோட முகத்தைப் பாக்கத்தானே? முகம்தானே சார் முதல் பக்கம் பூரா வெச்சிருக்கேன்! முதலாவதா வரச் சொல்லுங்க, ஊரே பாக்கும். நீங்களும் உக்காந்த எடத்துல பாக்கலாம்." சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. "மோகன், இதையே ஒரு திட்டமாப் பண்ணிடலாமே" என்றார். மோகன்குமார் குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் இரண்டாவது வாரம், புதன்கிழமை, ராசுவுக்கு ஒரு செய்தி வந்தது. 'வாழ்த்துகள். தங்கள் மகள் தமிழினி ஆகஸ்ட் மாதத் தேர்வில் வேதியியலில் முதலிடம். அவரது முகம் பெற்றோர் வாசலின் உச்சியில் இடம்பெற்றுள்ளது. முகம் காணும் திட்டத்தின்கீழ் தாங்கள் இனிச் சந்திப்புக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. தங்கள் குறை தீர்க்கப்பட்டது.'

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் போனான். ஆண்டி ஒரு பட்டியலை எடுத்துப் பார்த்தான். "உங்க பேரு, பாத்துட்டவங்க லிஸ்ட்ல இருக்குதுங்ணா" என்றான். அவனுக்கே சங்கடமாக இருந்தது. அந்த வாரப் போனில் ராசு கேட்டான்.

"என்ன சாமி, என்னமோ சொல்லோணும்னியே?"

"ஒண்ணுமில்லீங்ப்பா." என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "நேர்ல வரும்போது..."

நேரம் முடிந்தது என்றார் வார்டன்.

அதற்கப்புறம் ராசுவும் அன்புச்செல்வியும் பெற்றோர் வாசலைத் திறப்பது பதிவு செய்வதற்காக இல்லை. புதுப்படம் மேலே வரும் என்பதால் திறந்ததும் தமிழினிதான் வருவாள். புதுப் பைல் இன்னும் கனமோ என்னவோ, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நேர் வகிடு, நெற்றி, சின்னதாக ஒரு பொட்டு, புருவம், கண். கண் வந்ததும் பிரவுசர் மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் மறுபடி வகிட்டிலிருந்து. ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்தார்கள். கண்ணுக்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை.

"கண்ணு சோந்தாப்புல இருக்குதுங்க" என்பாள் அன்புச்செல்வி.

"வெளிச்சம் அடிச்சிருக்கும். நல்லாத்தான் பாக்கறா."

"சிரிக்கறாளுங்களா?"

"அங்க வரைக்கும் வந்தாத்தானே தெரியும்."

இதற்காக இருவரும் சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள். கண்ணை மட்டும் வைத்து, பிள்ளை இளைத்துவிட்டாள் என்றாள் அவள், இல்லை என்றான் அவன். என்னிடம் காட்டிக் கேட்டார்கள். நான் கண்ணைப் பார்த்தேன். அதற்குள் மூடிக்கொண்டது.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை கிளம்பினோம். வண்டியைக் கழுவிச் சந்தனம் தெளித்து மாலை போட்டிருந்தோம். பைபாஸ் பிள்ளையார் கோயில் வரைக்கும் வீட்டு ஆட்கள் வண்டியிலேயே வந்து வழியனுப்புவது எங்கள் வழக்கம். ராசுவும் அன்புச்செல்வியும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், நாமக்கல் ரோடு பிரியும் இடத்தில், ராசு என் தோளைப் பிடித்தான். நான் பிரேக் போட்டேன்.

ரோட்டோரம் புது பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். மை வாசனைகூடப் போகவில்லை. 'ஞானமேருவின் வேதியியல் சிகரம்' என்று எழுதி, இருபதுக்குப் பத்தில் தமிழினி நின்றாள். முழு முகமும் இருந்தது. மூக்கு, உதடு, முகவாய் எல்லாம். கோட்டும் டையும் போட்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், பல் தெரியாமல் அடக்கிய சிரிப்பு.

இறங்கி மூவரும் அடியில் போய் நின்றோம். அன்புச்செல்வி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள். "இது நாம குடுத்ததுங்க."

"என்னது?"

"போன வருஷம் நீங்க ஊருல இருந்தப்ப, ஸ்கூல்ல கேட்டாங்கன்னு ஸ்டூடியோவுல எடுத்துக் குடுத்தமல்ல, அந்தப் போட்டோ. இந்தப் பொட்டு என்ர பையிலிருந்து எடுத்து நான் ஒட்டினது. நீங்க போட்டோக்காரருக்குப் பின்னால நின்னுட்டு மூஞ்சியைக் கோணினீங்க, அதுக்குத்தான் சிரிக்கறா. கோட்டு மட்டும் இவங்க ஒட்டினது."

ராசு பார்த்தான். அது அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் தினம் நூறு தடவை திறந்து, சோர்ந்திருக்கிறதா இல்லையா என்று சண்டை போட்ட அந்தக் கண்கள் போன வருஷத்துக் கண்கள். இந்த வருஷத்துத் தமிழினி எப்படி இருக்கிறாள் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. ராசுவுக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே போனான்.

"என்ன சாமி, என்னமோ சொல்லோணும்னியே" என்று கேட்டான், மேலே பார்த்து.

பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. நான் போய் வண்டியை எடுத்தேன்.